பதினேழு பக்கத்திலும் மழை இல்லை

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். எங்கள் கரிக்குழிக்குத் தேங்காய்ச் சிரட்டை ஏற்றிவரும் நிமல், த்ரீவீலரை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகச் சந்தியிலேயே ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகிறவர். நான் பக்கத்தில் போனதும் கைபேசியை என் கையில் தந்தார். உக்குவளையிலிருந்து தமிழில் ஒரு செய்தி வந்திருந்தது. நிமல் தமிழ் பேசுவார், வாசிக்க வராது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"எங்கள் ராத்தா பரீனா இன்று சுபஹுக்குப் பின் வபாத்தானார். ஜனாஸா பத்து மணிக்கு நல்லடக்கம்."

அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றவன் நான். யாருடைய உதவியும் இல்லாமல் நான் முழுதாக வாசித்த முதல் செய்தி அதுதான். வாசித்து முடித்த பிறகும், பிழையாக வாசித்துவிட்டேனோ என்று மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன். பிழை இல்லை.

பல்லேபொலயிலிருந்து மாத்தளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து உக்குவளைக்கு இன்னொரு பஸ். நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பரீனா மிஸ்ஸின் தம்பி இம்தியாஸ் என் கையைப் பிடித்து ஒரு கதிரையில் உட்காரவைத்தார். "வெள்ளெனவே எடுத்துட்ட ஐயா. ஒங்களுக்காக நிக்க ஏலாம போன" என்றார். இருதயத்தில் சிறுவயதிலிருந்தே ஒரு கோளாறு இருந்ததாம். சுபஹுத் தொழுகையை முடித்து எழும்பப் போனவர் எழும்பவில்லை. அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

மிஸ்ஸிடம் படித்தவர்கள் சேர்ந்து ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள் என்றும், அதில் நானும் எழுத வேண்டும் என்றும் இம்தியாஸ் கேட்டார். படித்தவர்கள் பலர் எழுதுவார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கலாநிதிப் பட்டம் பெற்ற பரீனா அவர்கள் இரசாயனம் படித்தவர். ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சிரட்டைக்கரி சுடுகிறவன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவன். கல்யாணமான புதிதில் ஒரு தென்னந்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் பல்லேபொலவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் கரியைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு நாள் மிஸ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே குழிக்குள் எட்டிப் பார்த்தார். நான் அப்போது ஆறிய கரியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக வெந்த கரி நாக்கில் ஒட்டிக்கொள்ளும். வேகாதது ஒட்டாது. தோட்டத்தில் விறகுக்கரி சுட்ட என் அப்பாவும் அப்படித்தான் பார்த்தார். மிஸ் அதைக் கண்டுவிட்டார்.

"ஐயா, என்ன செய்ற நீங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. என் மனைவி பாக்கியம் விடவில்லை. "அவரு அப்பிடித்தாங்க மிஸ். சோத்துல உப்புப் பாக்கச் சொன்னா பாக்க மாட்டாரு, கரிய மட்டும் நக்கிப் பாப்பாரு."

மிஸ் சிரிக்கவில்லை. கையை நீட்டி என்னிடம் ஒரு துண்டு வாங்கினார். அதைத் தன் நாக்கில் வைத்தார். ஒட்டியது. பிறகு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிப் பார்த்தார். அது அவ்வளவாக ஒட்டவில்லை. கறுத்த நாக்கோடு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இத பாக்குறதுக்கு எங்கட இடத்துல ஒரு மெஷின் ஈக்கி. ஒரு நாள் முழுக்க எடுக்கும். கரியில எத்தின ஓட்ட ஈக்கி, எவ்வளவு பெரிசு எண்டு அது சொல்லும். நீங்க ரெண்டு செக்கன்ல சொல்ற."

"ஓட்டையாங்க மிஸ்?"

"ஓட்டதான் ஐயா. கண்ணுக்குத் தெரியாத ஓட்ட. ஒங்கட நாக்குல ஈக்கிற ஈரத்த அதுதான் இழுக்குது. எனக்கி ஓட்டதான் வேணும். கரி அதோட சும்மா ஒட்டிக்கொண்டு வந்தா போதும்."

பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓட்டை வாங்க ஸ்கூட்டரில் வந்த மனுஷி என்று அன்று பின்னேரம் வரை சொல்லிச் சிரித்தாள். மிஸ் அதைக் கேட்டிருந்தாலும் சேர்ந்து சிரித்திருப்பார்.

அவர் எதற்காக அந்தக் கரியைத் தேடினார் என்பதை எனக்குப் புரியும்படி பல முறை சொல்லியிருக்கிறார். அதை இங்கே எழுத வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனவர்களுக்கெல்லாம் நுரை மருந்து தெரியும். காயத்தில் ஊற்றினால் வெள்ளையாக நுரைத்து வரும். அதற்கு ஐதரசன் பேரொட்சைட் என்று பெயர். காயத்துக்கு அதை அளவுக்கு மிஞ்சி ஊற்றக்கூடாது, நல்ல சதையையும் அது தின்றுவிடும் என்று மிஸ் சொல்வார். அவர் நினைத்தது காயத்தை அல்ல, குடிதண்ணீரை. தாங்கியில் உள்ள தண்ணீரில் கிருமியைக் கொன்றுவிட்டு, அந்த மருந்து தானும் தண்ணீராகவும் காற்றாகவும் மாறிப் போய்விடும். வாடையோ கசப்போ மிஞ்சாது. ஆனால் அதை வெளிநாட்டில் பெரிய ஆலைகளில் செய்து, பீப்பாய்களில் அடைத்துக் கப்பலில் அனுப்புகிறார்கள். வரும் வழியிலேயே அதன் பலம் குறைகிறது. மலைக்கு மேலே ஒரு லயத்துக்கோ, லக்கலப் பக்கம் ஒரு குளத்துக்கோ வந்து சேர்கிறபோது பாதி வெறும் தண்ணீர்.

"அங்கங்கயே செஞ்சுக்கொள்ள ஏலும் ஐயா" என்பார். "தண்ணி ஈக்கி, காத்து ஈக்கி, வெயில் ஈக்கி. வெயில்ல இருந்து கொஞ்சம் கரண்ட். மிச்ச வேலைய கரி செய்யோணும்."

"கரி என்னங்க செய்யும்? அடுப்பெரிக்கும்."

"காத்துல ஈக்கிற ஒக்சிஜன் தண்ணிக்குள்ள வந்து ரெண்டு படி எறங்கும் ஐயா. ரெண்டு படியும் எறங்கினா வெறும் தண்ணி. ஒரு படியோட நிப்பாட்டினாத்தான் நம்மட மருந்து. அந்தப் படியில புடிச்சு நிப்பாட்டுறதுதான் கரிட வேல."

"அப்ப ஓட்டை எதுக்குங்க?"

அதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. "ஒங்கட தோட்டத்துல பெரிய ரோட்டு ஈக்கி. அதுல இருந்து சின்னப் பாதை பிரியும். பாதைக்கு ரெண்டு பக்கமும் லயத்து வாசல். வாசல் நெறைய ஈந்தாத்தான் வேல நெறைய நடக்கும். ஆனா ரோட்டு இல்லாம வாசல் மட்டும் ஈந்தா? கொழுந்து பறிச்சு வெளிய கொண்டு போக ஏலாம உள்ளுக்கே வாடிப் போகும். மருந்தும் அப்பிடித்தான். உள்ளுக்கே சுத்திக்கொண்டு ஈந்தா ரெண்டாம் படியும் எறங்கி தண்ணியா போயிடும். எனக்கி சின்ன ஓட்டையும் வேணும், பெரிய ஓட்டையும் வேணும்."

எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம், எதைக் கொண்டு மூடிச் சுட்டால் எந்த மாதிரி ஓட்டை வரும் என்று அவர் ஒவ்வொரு குழியாகப் பார்க்க நினைத்தார். சுட்டதைத் தன் இடத்துக்குக் கொண்டுபோய் அரைத்து, அமிலத்தில் கழுவி, மறுபடி சூடேற்றிச் சோதிப்பார். என்னிடம் ஒரே ஒரு கட்டளை: எரியும் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது. எனக்கும் அது புதிது இல்லை. தண்ணீர் பட்ட குழியை நாங்கள் செத்த குழி என்போம். அந்தக் கரியை எங்கள் பெயரில் விற்பதில்லை. அள்ளிக் கொட்டிவிடுவோம்.

ஒரு கொப்பியும் தந்தார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம். மழையா, காற்று எப்படி, எத்தனை மணிக்கு நெருப்பு வைத்தது, எத்தனை மணிக்கு மூடியது என்று எழுத வேண்டும். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. படித்த மனுஷி என் நாக்கை மெஷினோடு வைத்துப் பேசிய பிறகு, எனக்கு என் பெயரைக்கூட எழுத வராது என்று சொல்ல வாய் வரவில்லை. "முதல் பக்கத்தை நீங்களே எழுதிக் காட்டுங்க மிஸ், அதே மாதிரி எழுதிடுறேன்" என்றேன். அவர் அன்றைய குழியைப் பற்றி ஆறு வரி எழுதித் தந்தார்.

பாக்கியம் கோலம் போடுகிறவள். ஒரு புள்ளியும் தவறாமல் பார்த்துப் போடுவாள். நானும் அதைப் போலத்தான் செய்தேன். இரண்டாம் குழி முடிந்ததும், மிஸ் எழுதிய ஆறு வரிகளையும் வளைவுக்கு வளைவு, சுழிக்குச் சுழி பார்த்து வரைந்தேன். ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது. மூன்றாம் குழிக்கும் அதையே வரைந்தேன். வரைய வரையக் கை பழகியது. அழகாக வந்தது. பதினேழு குழி சுட்டோம். பதினேழு பக்கத்திலும் மிஸ்ஸின் ஆறு வரிகள். முதல் வரி "மழை இல்லை" என்பது. அது எனக்கு அப்போது தெரியாது.

"இது சரியா வருமாங்க?" என்று பாக்கியம் ஒரு தடவை கேட்டாள்.

"எழுத்து அச்சு மாதிரி இருக்கு. வேற என்ன வேணும்?"

"அச்சு மாதிரிதான் இருக்கு. அதுதான் பயமா இருக்கு."

பதினோராம் குழி எரிந்துகொண்டிருந்தபோது ஐப்பசி மழை வந்தது. குழியை மூடியிருந்த தகரம் காற்றில் ஒரு பக்கமாக விலகிவிட்டது. மேட்டிலிருந்து வந்த வெள்ளம் விளிம்பை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. குழி சீறியது. வெள்ளை ஆவி தென்னை உயரத்துக்கு எழுந்தது. நான் ஓடிப்போய்த் தகரத்தை இழுத்து, மண்ணை அள்ளிப் போட்டு மூடினேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது ஒரு பக்கம் சாம்பல். மறுபக்கத்தில் இருந்த கரி இறகு மாதிரி இலேசாக இருந்தது. நாக்கில் வைத்தேன். பிடுங்கி எடுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. வாயில் இரத்தம்.

அதை அள்ளிக் கொட்டியிருக்க வேண்டும், அல்லது நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொட்டும் படாமல் பார்த்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்தவன், ஒரு வெள்ளத்தையே உள்ளே விட்டேன் என்று எப்படிச் சொல்வது? வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டி, கொப்பியில் அந்த ஆறு வரிகளை வரைந்து நிமலிடம் கொடுத்தனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து மிஸ் வந்தார். கையில் இனிப்புக்கு வட்டிலப்பம். ஸ்கூட்டரை நிறுத்தியவர் ஸ்டாண்டைப் போட மறந்து அது சரிந்து விழுந்தது. அதைத் தூக்காமலே வந்தார். "பதினோராம் குழி ஐயா! என்ன செஞ்ச நீங்க? முழுசும் மொத படியிலயே நிக்கிது. இப்பிடி ஒரு கரிய நான் கண்டதே இல்ல."

"ஒண்ணும் செய்யலைங்க மிஸ். எப்பயும் போலத்தான்" என்றேன்.

அந்தச் சொல்லுக்காக நான் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

அவர் அதை எழுதி வெளியிட்டார். பாராட்டினார்கள். பிறகு அதே கரியை மறுபடி கேட்டார்கள். பன்னிரண்டு முதல் பதினேழு வரை ஆறு குழி சுட்டோம். ஒன்றும் பதினோராம் குழியைப் போல வரவில்லை. வேறு ஆட்களும் செய்து பார்த்துவிட்டு வரவில்லை என்று எழுதினார்கள். அவர் வேலை செய்த இடத்தில் விசாரணை வைத்தார்கள். கொப்பியைக் கேட்டு வாங்கினார்கள். பதினேழு பக்கத்திலும் ஒரே ஆறு வரிகள். ஐப்பசியிலும் மழை இல்லை. ஒரே நேரத்தில் நெருப்பு, ஒரே நேரத்தில் மூடல். அதோடு எழுத்தும் பரீனா மிஸ்ஸின் எழுத்து. குழியும் இல்லை, சுட்டவனும் இல்லை, எல்லாவற்றையும் அவரே ஒரே இருப்பில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று முடிவுகட்டினார்கள்.

மிஸ் கொப்பியின் பிரதியோடு வந்தார். குழியருகே நின்றபடியே கேட்டார். "ஐயா, இத நீங்கதானே எழுதின?"

"நான்தாங்க மிஸ்."

"எல்லாப் பக்கமும் ஒண்டா ஈக்கிதே. ஒவ்வொண்டா பாக்கக்குள்ள எனக்கி அது வெளங்கல்ல."

"எல்லாக் குழியும் ஒண்ணாத்தாங்க சுட்டேன்."

அவர் பிரதியை மடித்தார். "செவ்வாய்க்கிழம வாங்க ஐயா. அவங்களுக்கு முன்னால ஒரு வரி எழுதிக் காட்டுங்க. அது போதும். என்ட எழுத்து இல்ல எண்டு அவங்களுக்கு வெளங்கும்."

வருகிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை காலையில் வேட்டி கட்டி, சட்டை போட்டு, பிறகு இரண்டையும் கழற்றிவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் என்று சொல்லும்படி பாக்கியத்திடம் சொன்னேன். அவள் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "வெக்கத்துல சாகுறது நீங்களா, அந்தப் புள்ளையா?" நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் காய்ச்சல் என்றே சொன்னாள்.

அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். மிஸ் தன் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார் என்று நிமல்தான் சொன்னார். ஓர் உண்மையான மனுஷி பொய்க்காரி என்ற பெயரோடு உக்குவளையில் உட்கார்ந்திருந்தார். நான் பல்லேபொலயில் கரி சுட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாதம்.

ஒரு நாள் பாக்கியம் சமைக்கவில்லை. காரணம் கேட்டேன். "நீங்க உக்குவளைக்குப் போயிட்டு வாங்க. அதுக்கப்புறம் ஒலை வெக்கிறேன்" என்றாள். அன்றே போனேன்.

மிஸ் வீட்டு வாசலில் அயல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர்களை அனுப்பிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க மிஸ். ஒங்க எழுத்தப் பாத்து வரைஞ்சேன்."

உள்ளேயிருந்து இம்தியாஸின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது ஆறியது.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. பதினோராம் குழியில தண்ணி போயிருச்சு. மழை வெள்ளம். செத்த குழிங்க அது. மறைச்சிட்டேன்."

மிஸ் எழும்பினார். "எப்ப? குழி எரியக்குள்ளயா, ஆறினத்துக்குப் பொறவா?"

"நல்லா எரியிறப்பங்க. ஆவி தென்னமரம் ஒசரத்துக்கு வந்துச்சு."

"ஆவி..." என்றார். "ஆவிதான் ஐயா. செவந்து ஈக்கிற கரியில ஆவி பட்டா, ஆவி கரிய திங்கும். திண்ட எடமெல்லாம் ஓட்ட. சின்னப் பாதையெல்லாம் பெரிய ரோட்டா போகும். ஓரத்துல ஒக்சிஜன் வந்து ஒட்டும். படியில புடிச்சு நிப்பாட்ட அதுவும் ஒதவும். இத நான் படிச்சி ஈக்கிறேன். ஆனா ஒங்கட கொப்பியில மழ இல்ல எண்டு ஈந்த." சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே இருந்தவரின் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பில் வந்தது அல்ல.

"ரெண்டு வருஷம் ஐயா. நான் பொய் எழுதிட்டேனோ எண்டு எனக்கே சந்தேகம் வந்த. நித்திரையில எழும்பி கணக்குப் பாத்த. நீங்க ஒரு சொல்லு சொல்லி ஈந்தா..." முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவர் காலடியில் விழப் போனேன். "வேணாம். அதெல்லாம் எங்களுக்குள்ள இல்ல" என்று கடுமையாகத் தடுத்தார். பிறகு தெருவைப் பார்த்தபடி கேட்டார்: "சிரட்ட எவ்வளவு ஈக்கி ஒங்கள்ட்ட?"

மன்னித்தேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஸ்கூட்டரில் வந்தார்.

பதினெட்டாம் குழியில் தண்ணீரை முன்னதாகவே விட்டோம். கரி வேகாமல் அணைந்தது. பத்தொன்பதாவதில் அதிகம் விட்டோம்; சாம்பலாய்ப் போனது. இருபதாம் குழிக்கு ஓட்டை போட்ட இரும்புக் குழாய் ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். அதன் வழியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை விட்டோம். திறந்ததும் நான் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். பிடுங்க முடியவில்லை. வாயைத் திறந்தபடி மிஸ்ஸிடம் காட்டினேன். அவர் அந்தக் கரிக்கறை படிந்த நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வுக்கூடம் இல்லாததால் உக்குவளை வீட்டுப் பின்முற்றத்தில் வேலை நடந்தது. அரைத்த கரியைத் துணியில் பூசி ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் பொருத்தினார். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர், கூரையில் சிறிய சூரியத் தகடு. ஒரு மணி நேரம் கழித்து ஒரு கடதாசிக் கீலத்தைத் தண்ணீரில் தோய்த்தார். வெள்ளையாக இருந்தது நீலமாக மாறியது. எனக்கு அது போதவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குசினிக்குப் போனார். பகல் சமையலுக்கு வைத்திருந்த மாட்டு ஈரலில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டுவந்து அந்தத் தண்ணீரில் போட்டார். நுரைத்தது. டிஸ்பென்சரியில் பார்த்த அதே வெள்ளை நுரை.

"மச்சி, என்ட ஈரல்!" என்று இம்தியாஸின் மனைவி குசினியிலிருந்து கத்தினார்.

"இன்னொரு துண்டு தாங்க!" என்று மிஸ் பதிலுக்குக் கத்தினார். பிறகு என்னிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "காத்துல இருந்து எடுத்த ஐயா. ஒரு கப்பலும் வரல்ல."

அவரை நான் சந்தோஷமாகப் பார்த்தது அன்றுதான். என்னுடைய சந்தோஷத்தை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

ஆனால் பெயர் கெட்டது கெட்டபடியே இருந்தது. இருபதாம் குழிக் கரியைக் கொண்டுபோனால் மட்டும் நம்பமாட்டார்கள், அந்தக் கொப்பி எப்படி வந்தது என்று முதலில் தெரிய வேண்டும் என்றார். "நான் சொல்லட்டுமா மிஸ்? வந்து சொல்லுறேன்" என்றேன். "ஆள் வெச்சு சொல்ல வெச்ச எண்டு சொல்லுவாங்க. ஒங்கட பேர நான் எங்கயும் எடுக்க மாட்டேன். கொப்பிய வரஞ்ச அதே கையால நீங்களே எழுதித் தாங்க, எழுத்த ஒப்பிட்டுப் பாப்பாங்க, அப்ப கொண்டு போறேன்" என்றார்.

அதனால்தான் தோட்டத்துப் பாலர் பாடசாலைக் கட்டிடத்தில் நடக்கும் பின்னேர வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் "அ" எழுதியபோது, இதை நான் பதினாறு தடவை வரைந்திருக்கிறேனா என்று தேடினேன். ஒரு மாதத்தில் என் கையால் வரைந்தது எதுவென்று எனக்கே வாசிக்க முடிந்தது. மழை இல்லை. அந்த இரண்டு சொல்லையும் முதன்முதலில் வாசித்தபோது வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். சொல்லக்கூடாத இன்னொன்றும் சொல்கிறேன்: அந்த வேதனைக்குள்ளேயும் வாசிக்க முடிந்ததே என்று எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. பஸ்ஸின் பெயர்ப்பலகை, உப்புப் பைக்கற், கோயில் அறிவித்தல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். பாக்கியம் காதைப் பொத்திக்கொண்டாள்.

கடிதத்தை மெதுவாகத்தான் எழுதினேன். ஒரு பிழையும் இருக்கக்கூடாது என்று கிழித்துக் கிழித்து எழுதினேன். மிஸ் கைபேசியில் கேட்பார்: "கடிதம் எவடத்துல நிக்கிது ஐயா?"

"நாலு வரி வந்துருக்குங்க மிஸ்."

"போன கெழமையும் நாலு வரிதானே?"

"அது வேற நாலு வரிங்க."

சிரிப்பார். அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தியிருக்கலாம். பிழையோடு கொடுத்திருந்தாலும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. மறைத்ததில் இரண்டு வருடத்தைத் தின்றேன். அழகாக எழுத வேண்டும் என்று மிச்சத்தையும் தின்றேன். ஐந்தாவது வரியில் இருந்தபோதுதான் நிமல் ஹோர்ன் அடிக்காமல் வந்தார்.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள், இம்தியாஸும் நானும் அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். விசாரணையில் இருந்த பெரியவர் ஒருவர் எங்களைச் சந்தித்தார். நல்ல மனுஷன். அவரிடம் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கேட்டேன். அவர் பார்த்திருக்க எழுதினேன்.

"பதினோராம் குழியில் மழை வெள்ளம் இறங்கியது. அதை மறைத்தவன் நான். கொப்பியை வரைந்தவன் நான். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. பரீனா மிஸ் ஒரு வரியும் பொய் எழுதவில்லை."

முத்துவேல் என்று கையெழுத்தும் வைத்தேன். அவ்வளவையும் எழுத எனக்கு அரை மணி நேரம் எடுத்தது. பெரியவர் பழைய கொப்பியை எடுத்துவரச் சொல்லி, என் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வகுப்பில் படித்தாலும் என் கை முதலில் பழகியது மிஸ்ஸின் எழுத்தில் அல்லவா? அதே சாய்வு, அதே சுழி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபதாம் குழிக் கரி ஒரு மூட்டையும், தண்ணீர் விட்ட விதத்தை மிஸ் எழுதிவைத்திருந்த தாள்களும் அவரிடம் கொடுத்தோம். சுட்டுப் பார்க்க வேண்டும், சோதிக்க வேண்டும், மறுபடி கூட்டம் கூட வேண்டும், காலம் எடுக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். முடிவை எனக்கும் தமிழில் கடிதமாக அனுப்புவதாகச் சொல்லி விலாசம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் இம்தியாஸ், "ஒரு மாசத்துக்கு முந்தி வந்து ஈந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்டதை நான் தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

திரும்பும் வழியில் மையவாடிக்குப் போனோம். மண் இன்னும் ஈரமாக இருந்தது. தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பு நட்டிருந்தார்கள். இம்தியாஸ் உள்ளே போய் ஓதினார். நான் மதில் ஓரமாக நின்றேன். அவர்களுடைய துஆ எனக்குத் தெரியாது. என்னுடைய கும்பிடு அங்கே பொருந்துமா என்றும் தெரியவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மிஸ், நீங்கள் உயிரோடு இருக்கும்போது கொடுக்க வேண்டியதை இப்போதுதான் கொடுத்திருக்கிறேன். பொய்க்காரி என்ற பெயரை நீங்கள் சுமந்துகொண்டு போனீர்கள். அதை என்னால் இறக்கிவைக்க முடியவில்லை. முடிவைச் சொல்லும் அந்தக் கடிதம் எப்போது வரும் என்று தெரியாது. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்குப் போய் நிற்கிறேன். வந்ததும் யாரையும் கூப்பிட மாட்டேன். அன்றே பஸ் ஏறி உக்குவளைக்கு வந்து, அந்த மதிலோரம் நின்று, ஒரு எழுத்தும் விடாமல் உங்களுக்கு நானே சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அதுவரை அமைதியாக இருங்கள், மிஸ்.